ஷாட் பிளாஸ்டிங் மெஷினின் சத்தத்தையும் அதிர்வையும் குறைப்பது எப்படி: பவுண்டரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் கணபதி பக்கமோ குறிச்சி சிட்கோ பக்கமோ நடந்துபோனால், எந்தச் சுவருக்குப் பின்னால் ஷாட் பிளாஸ்டிங் ஓடுகிறது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விடாமல் கொட்டுவது போன்ற சத்தம். பம்ப் பாடி, மோட்டார் பாடி, வால்வு என்று மணலோடு வரும் காஸ்டிங் (வார்ப்பு) எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய், ஷாட் எனப்படும் சின்ன இரும்புக் குண்டுகளின் அடி வாங்கித்தான் வெள்ளையாக வெளியே வருகிறது.

காஸ்டிங்கைச் சுத்தம் செய்யும் எங்கள் ஃபெட்லிங் பகுதியில் அந்த மெஷினை 20 வருஷத்துக்கு மேல் ஓட்டிய அண்ணன் ஒருவர் இருந்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "பேரன் பேசறது காதுல விழுகுது கண்ணு, என்ன சொல்றான்னுதான் வெளங்க மாட்டேங்குது." இரைச்சலால் கெடும் காது இப்படித்தான் கெடும். முதலில் போவது உச்ச சுருதி. குரல் கேட்கும், ஆனால் ச, த, ப போன்ற மெய்யொலிகள் கரைந்துபோகும். போனது திரும்பி வராது. அன்றைக்குப் பிறகுதான் இந்த வேலையை நான் ஒழுங்காகப் படித்துச் செய்யத் தொடங்கினேன்.

வேலையின் வரிசைதான் முக்கியம். பெரும்பாலான பட்டறைகளில் முதல் செலவே மெஷினைச் சுற்றி அறை கட்டுவதாக இருக்கிறது. அது கடைசியில் வர வேண்டியது. தேய்ந்த பிளேடும், குறி தப்பிய ஷாட்டும், தளர்ந்த போல்ட்டும் உள்ளே இருக்கும்போது அறை கட்டினால், பழுது கண்ணில் படாமல் வளரும்.

தொடங்கும் முன்: பவரைப் பூட்டுங்கள்

ஷாட்டை வீசியடிக்கும் வீலைத் திறக்கும் எந்த வேலைக்கும் மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பவர் போன பிறகும் வீல் சில நிமிடம் தானாகச் சுற்றும். முழுக்க நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியில் ஸ்பானர் போட வேண்டும். மேலே ஹாப்பரில் தங்கிய ஷாட் தலையில் கொட்டாதபடி ஷாட் வால்வும் மூடியிருக்கட்டும்.

படி 1: அளந்து பார்ப்பது

கிளாஸ் 2 தரத்தில் ஒரு ஒலி அளவி வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். போனில் உள்ள ஆப் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட மட்டும் உதவும், சட்டக் கணக்குக்கு உதவாது. அளவியை 'ஏ' வெயிட்டிங், 'ஸ்லோ' என்று வைத்து, ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் அவர் காது உயரத்தில் பிடியுங்கள். அப்புறம் வீல் பக்கம், ஷாட்டை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடி, தூசி உறிஞ்சும் புளோயர் அருகில், காம்பவுண்டு சுவர் ஓரம். தரையில் சாக்பீஸால் இடத்தைக் குறித்துவிடுங்கள். அடுத்த மாதமும் அதே புள்ளியில் நின்றால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

இப்போது மெஷினைப் பகுதி பகுதியாக ஓட்டுங்கள். முதலில் புளோயர் மட்டும். பிறகு எலிவேட்டரும் ஸ்க்ரூ கன்வேயரும். பிறகு ஷாட் இல்லாமல் வீல். கடைசியில் காஸ்டிங் ஏற்றி ஷாட்டோடு. காலிப் பெட்டிக்குள் ஷாட் அடித்துப் பார்க்க வேண்டாம், உள்சுவரைக் காக்கும் லைனர்தான் தேயும்.

டெசிபல் சாதாரணக் கூட்டல் கழித்தலுக்குள் வராது. உதாரணமாக, புளோயர் மட்டும் 88, எல்லாம் ஷாட் இல்லாமல் ஓடும்போது 93, ஷாட்டோடு 99 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஷாட் மோதும் சத்தம் மட்டுமே ஏறக்குறைய 98 வரும். புளோயரை அடியோடு நிறுத்தினாலும் 99 என்பது 98.6 ஆகத்தான் இறங்கும், அரை டெசிபல்கூடக் கிடையாது. ஆகவே எது பெரியதோ அதில் கை வையுங்கள். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு மூலங்களில் ஒன்றை நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எவ்வளவு வரை போகலாம்? நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் பழகிய கணக்கு இது: 90 டெசிபல் என்றால் 8 மணி நேரம், 95 என்றால் 4, 100 என்றால் 2, 105 என்றால் 1 மணி நேரம், 115 என்றால் கால் மணி நேரம். அதற்கு மேல் அறவே கூடாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 8 மணி நேரத்துக்கு 85 என்று பரிந்துரைக்கிறது. காது பிழைக்க வேண்டுமானால் 85-ஐத்தான் இலக்காக வைக்கச் சொல்வேன்.

வெளிப்புறத்துக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. பட்டறையும் வீடும் ஒட்டியிருக்கும் தெருக்களில் நைட் ஷிப்ட் ஷாட் பிளாஸ்டிங் இந்த 45-இல்தான் மாட்டுகிறது.

படி 2: வீல்

அதிர்வில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. இங்கே நேரம் செலவழியுங்கள்.

வீலில் பெரும்பாலும் 8 பிளேடு இருக்கும். நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்று. ஷாட் அதிலிருந்து வினாடிக்கு 70, 80 மீட்டர் வேகத்தில் பறக்கிறது, அதாவது மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். அந்த ஷாட்டே பிளேடின் முகத்தில் உரசிப் பள்ளம் போடுகிறது. எட்டும் ஒரே மாதிரி தேய்ந்தால் தொந்தரவில்லை. தேயாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிளேடு மற்றவற்றைவிட 10 கிராம் எடை குறைவு, அது சுற்றும் ஆரம் 18 சென்டிமீட்டர், வேகம் 2,800 ஆர்பிஎம் என்றால், சமநிலை கெட்ட விசை சுமார் 155 நியூட்டன், அதாவது 15 கிலோவுக்கு மேல். 10 கிராம் என்பது இரண்டு ஐந்து ரூபாய் நாணய எடைகூட வராது. ஆனால் அது பேரிங்கை வினாடிக்கு 47 முறை, 15 கிலோ சுத்தியலால் தள்ளுவது போலத் தள்ளுகிறது. 20 கிராம் என்றால் 30 கிலோவைத் தாண்டும். பேரிங் சீக்கிரம் போவதற்கும், மேல்தட்டு வெல்டிங் விரிசல் விடுவதற்கும் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம்.

நாங்கள் செய்வது இதுதான். 1 கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று ஸ்டோரில் இருக்கும். பிளேடுகளைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, ஒட்டிய மண்ணை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் எடை போட்டு, பின்பக்கம் மார்க்கரில் எழுதுவோம். ஒருமுறை எழுதிய வரிசை 412, 409, 411, 388 என்று போனது. அந்த 388-ஐப் பார்த்ததும் ஃபிட்டர் தம்பி ஒன்றும் பேசாமல் பழைய பேரிங்கை எடுத்து மேஜையில் வைத்தான். போன மாதம் மாற்றிய பேரிங் அது.

விதி எளிது. உடைந்தது ஒன்றானாலும் முழு செட்டாக மாற்றுங்கள். முடியாத நெருக்கடியில், உடைந்ததையும் அதற்கு நேர் எதிரே இருப்பதையும் ஒரே எடை ஜோடியாக மாற்றுங்கள். எதிரெதிர் பிளேடுகளுக்குள் வித்தியாசம் 5 கிராமுக்குள் இருக்கட்டும், 3 என்றால் இன்னும் நல்லது. பிளேடு உட்காரும் காடியில் ஒரே ஒரு ஷாட் சிக்கியிருந்தாலும் பிளேடு முழுதாக இறங்காது, ஏர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். புது பிளேடு போட்டும் உதறல் நிற்கவில்லை என்றால் வீல் டிஸ்க்கும் ஹப்பும் தேய்ந்திருக்கும். கழற்றி, ஜி 6.3 தரத்துக்கு டைனமிக் பேலன்ஸிங் செய்யக் கொடுங்கள்.

அதிர்வை அளக்க பேனா வடிவ வைப்ரேஷன் மீட்டர் போதும். பேரிங் வீட்டின் மேல் நெட்டுவாக்கில், குறுக்கில், அச்சு வாக்கில் என மூன்று திசையிலும் வைத்துப் பாருங்கள். 15 கிலோவாட்டுக்கு உட்பட்ட சிறு மெஷின்களுக்கு பழைய ஐஎஸ்ஓ 10816 (2016-இல் ஐஎஸ்ஓ 20816 அதன் இடத்துக்கு வந்தது) தந்த பொது அளவுகோலில் வினாடிக்கு 1.8 மி.மீ. வரை ஏற்கலாம், 4.5-ஐத் தாண்டினால் ஓட்டவே கூடாது. 15 முதல் 75 கிலோவாட் வரை அந்த எண்கள் 2.8, 7.1. பிளாஸ்டிங் வீலுக்கென்றே எழுதிய எண்கள் இல்லை, ஆனாலும் நல்ல வழிகாட்டி.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். முழு வேகத்தில் ஓடும்போது பவரை நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். பவர் போன கணமே அதிர்வு மறைந்தால் கோளாறு மோட்டாரின் மின்பக்கம். வேகம் குறையக் குறைய மெதுவாகக் குறைந்தால் பேலன்ஸ். நடுவில் ஒரு வேகத்தில் மெஷின் திடீரென்று குலுங்கி அடங்கினால் அது ஒத்ததிர்வு. அங்கே பேலன்ஸ் மட்டும் போதாது, தாங்கும் சட்டத்தையே வலுப்படுத்த வேண்டும்.

படி 3: ஷாட் எங்கே விழுகிறது?

காஸ்டிங்கில் விழ வேண்டிய ஷாட் சுவரில் விழுந்தால் சத்தம், லைனர் செலவு, நேரம் மூன்றும் கூடும். குறியைத் தீர்மானிப்பது, வீலின் நடுவிலிருந்து ஷாட்டைப் பிளேடுக்கு விடும் கண்ட்ரோல் கேஜின் ஜன்னல். அது சற்றுத் திரும்பினாலே ஷாட் விழும் இடம் நகரும். ஜன்னல் ஓரம் தேய்ந்தால் ஷாட் விசிறி போலச் சிதறும்.

பெயிண்ட் அடித்த ஒரு தகட்டைக் காஸ்டிங் இருக்கும் தூரத்தில் கட்டி, சில வினாடி மட்டும் ஷாட் விடுங்கள். பெயிண்ட் உரிந்து மின்னும் பட்டைதான் ஷாட் விழும் இடம். அது நடுவில் இல்லையென்றால் கேஜைத் தளர்த்தி, கொஞ்சம் திருப்பி, இறுக்கி, மறுபடி பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் கேஜிலும் ஹவுசிங்கிலும் ஒரே கோடாக உளியால் குறி போடுங்கள். அடுத்த முறை வேறொரு ஃபிட்டர் மாட்டினாலும் அந்தக் கோட்டில் நிற்கும்.

காஸ்டிங்கை பெல்ட்டில் புரட்டிக்கொண்டே அடிக்கும் டம்பிளாஸ்ட் மெஷினில் பாதி லோடு போட்டு ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். காஸ்டிங் மூடாத பெல்ட்டிலும் சுவரிலும் ஷாட் நேராக அடிக்கும். அந்த பெல்ட் இரும்புப் பட்டை ஏப்ரன் என்றால் ரப்பர் பெல்ட்டுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும். காஸ்டிங்கின் கூர்முனையும் சூடும் ரப்பருக்கு ஆகாது என்பதால், ஆறிய காஸ்டிங்கை மட்டும் ஏற்ற வேண்டும்.

ஷாட்டின் அளவிலும் கவனம் வேண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் ஒரு ஷாட்டின் எடை 8 மடங்கு. சின்ன ஷாட்டில் போகும் மணலுக்குப் பெரிய ஷாட் போடுவது வீண் சத்தம்.

படி 4: பெட்டியும் கதவும்

பவர் ஆஃபில், கேபினெட்டின் வெளித்தகட்டை ஸ்பானரால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். 'தொப்' என்றால் நல்லது. 'டங்ங்' என்று நீண்டு ஒலிக்கும் இடங்கள்தான் மத்தளத் தோல் போலச் சத்தத்தை வெளியே அனுப்புபவை. அங்கெல்லாம் வெளிப்பக்கம் தார் கலந்த டாம்பிங் பேடு ஒட்டி, அதன் மேல் மெல்லிய தகடு ஒன்றை அழுத்தி ஒட்டுங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே அகப்பட்ட மெத்து, அதிர்வைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். இதை உள்பக்கம் செய்யாதீர்கள், ஒரு ஷிப்டில் பிய்ந்துவிடும்.

உள்ளே ஷாட் நேராக அடிக்கும் இடத்தில் மாங்கனீஸ் ஸ்டீல் அல்லது வார்ப்பு லைனர் இருக்க வேண்டும். தெறித்து வரும் ஷாட் மட்டும் படும் இடங்களில் ரப்பர் ஷீட் நன்றாக வேலை செய்கிறது. லைனர் நட்டுகளை வாரம் ஒருமுறை பாருங்கள். கதவு ரப்பர் சீல் நசுங்கியிருந்தால் மாற்றுங்கள். சத்தமும் ஷாட்டும் தூசியும் ஒரே சந்தில்தான் வெளியே வருகின்றன, கதவோரம் தரையில் ஷாட் சிந்திக்கிடந்தால் சத்தமும் அங்கேதான் கசிகிறது.

படி 5: எலிவேட்டர், புளோயர், மற்றவை

எலிவேட்டரில் 'டக் டக்' என்று ஒரே தாளத்தில் கேட்டால் பக்கெட் ஏதோ ஒன்று உறையில் இடிக்கிறது. பெல்ட் டென்ஷன், பெல்ட் நடுவில் ஓடுகிறதா, பக்கெட் போல்ட், கீழ் பேரிங் ஆகியவற்றைப் பாருங்கள். வீல் பெல்ட் டிரைவ் என்றால் வி-பெல்ட்டையும் செட்டாகவே மாற்றுங்கள்.

புளோயருக்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். காற்றாடியின் சத்தம் வேகத்தோடு மிகக் கடுமையாக ஏறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் சத்தம் சுமார் 5 டெசிபல் குறைகிறது, மின்சாரச் செலவும் பாதியாகிறது. தேவைக்கு மேல் பெரிய புளோயர் மாட்டியிருந்தால் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு இறக்குங்கள். ஆனால் ஒன்று: தூசி உறிஞ்சுவது குறையக் கூடாது. காஸ்டிங்கோடு வரும் மணல் தூசியில் சிலிகா இருக்கிறது. காதைக் காப்பாற்றப் போய் நுரையீரலைக் கெடுத்துக்கொள்ள முடியாது. வேகத்தைக் குறைத்த பிறகு கதவோரம் தூசி வெளியே புகைகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஷாட்டையும் மணலையும் பிரிக்கும் செபரேட்டரில் ஷாட்டோடு மணல் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் பழைய வேகத்துக்கே போய், புகைபோக்கியில் சைலன்சர் போடுங்கள்.

படி 6: அதிர்வைத் தரைக்கு விடாமல் தடுப்பது

முதலில் அஸ்திவார போல்ட். ஒவ்வொரு காலிலும் போல்ட்டைத் தளர்த்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். ஒரு கால் தரையில் உட்காராமல் நின்றால், இறுக்கும்போது சட்டமே முறுகும். ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர், ஸ்பிரிங் மவுண்ட் வாங்கும் முன் ஒரு கணக்கு. மெஷினின் எடையில் மவுண்ட் எத்தனை மி.மீ. அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுங்கள். கிடைப்பது அந்த மவுண்ட்டின் இயல்பு அதிர்வெண். மெஷினின் அதிர்வெண் அதைப்போல் குறைந்தது 3 மடங்கு இருக்க வேண்டும். அப்போது அதிர்வில் எட்டில் ஒரு பங்குதான் தரைக்குப் போகும். 1.4 மடங்குக்குக் கீழே இருந்தால் மவுண்ட் அதிர்வைப் பெருக்கும், மவுண்ட் இல்லாததே மேல்.

1,500 ஆர்பிஎம் புளோயர் என்றால் 25 ஹெர்ட்ஸ். மவுண்ட் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு 4 மி.மீ. அமுங்க வேண்டும். கடையில் கிடைக்கும் கெட்டி ரப்பர் தகடு அவ்வளவு அமுங்காது, ஸ்பிரிங் மவுண்ட்தான் வேண்டும். 2,800 ஆர்பிஎம்மில் சுற்றுவதற்கு 1 மி.மீ.க்குச் சற்று மேல் போதும், நல்ல ரப்பர் மவுண்ட் தாங்கும்.

புளோயருக்கும் டக்ட்டுக்கும் நடுவே கான்வாஸ் அல்லது ரப்பர் பெல்லோஸ் கட்டாயம். அது இல்லாமல் ஸ்பிரிங் மேல் உட்காரவைத்தால் டக்ட் வழியாக அதிர்வு கூரைக்கே ஏறும். முழு பிளாஸ்டிங் கேபினெட்டையும் மென்மையான ஸ்பிரிங் மேல் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. எலிவேட்டர் உயரமானது, ஆடும். கேபினெட்டைக் கனமான கான்கிரீட் மேடையில் உறுதியாக நிறுத்தி, அந்த மேடைக்கும் தளத்துக்கும் இடையே இடைவெளி விட்டு, அதில் ரப்பரோ கார்க்கோ நிரப்புவது மேல்.

படி 7: கடைசியாக, மூடுவது

இத்தனையும் செய்து, மறுபடி அளந்து, இன்னும் 85-க்கு மேல் நின்றால் அறை கட்டுங்கள்.

சில வருஷம் முன்பு ஒரு கான்ட்ராக்டர் பேச்சைக் கேட்டு பஃப் பேனலால் சுற்றி மறைத்தோம். குளிர்பதன அறைக்குப் போடும் அதே பேனல். பார்க்க அழகாக இருந்தது. அளந்தால் குறைந்தது மிகச் சொற்பம். அந்தப் பேனல் வெப்பத்தைத் தடுக்கச் செய்தது, எடை கிடையாது. சத்தத்தைத் தடுப்பது எடை. சதுர மீட்டருக்கான எடை இரண்டு மடங்கானால் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். முட்டை அட்டைக்கும் தெர்மோகோலுக்கும் இதே கதிதான்.

வேலை செய்யும் அமைப்பு இப்படி: வெளியே 1.6 மி.மீ. ஜிஐ தகடு, நடுவே கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தியுள்ள ராக்வுல் 50 முதல் 75 மி.மீ., உள்பக்கம் துளையிட்ட தகடு. ராக்வுல்லுக்குள் தூசி போகாமல் கண்ணாடி நூல் துணி சுற்ற வேண்டும். செங்கல் சுவர் கட்ட இடமிருந்தால் அதுவும் அருமையான தடுப்பு, உள்ளே ராக்வுல் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் சத்தம் உள்ளே எதிரொலித்துப் பெருகும்.

சந்துகளில்தான் தோற்கிறோம். சுவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மொத்தப் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்கவே முடியாது. கேபிள் ஓட்டை, கதவடி இடைவெளி, டக்ட் நுழையும் இடம் எல்லாவற்றையும் அடையுங்கள். மோட்டார் சூட்டுக்குக் காற்று வேண்டும், அந்த வழியில் உள்பக்கம் ராக்வுல் ஒட்டிய வளைந்த டக்ட் வைத்தால் காற்று போகும், சத்தம் சுவரில் மோதிச் சாகும். பிளேடு மாற்ற, லைனர் கழற்ற ஆள் நுழையும் அளவுக்குக் கதவு விடுங்கள். கழற்றச் சிரமமான பேனலை மெயின்டனன்ஸ்காரர்கள் ஒருமுறை கழற்றினால் திரும்ப மாட்டமாட்டார்கள்.

படி 8: காஸ்டிங் கொட்டும் இடம்

அளவியில் திடீரென்று முள் தாவுவது பெரும்பாலும் இங்கே. இறக்கும்போது இரும்புத் தொட்டியில் காஸ்டிங் விழும் சத்தம் ஷாட் சத்தத்தையே மிஞ்சும். தொட்டிக்குள் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி விரியுங்கள். விழும் உயரத்தைப் பாதியாக்கினால் மோதும் ஆற்றலும் பாதி. இந்த இரண்டுக்கும் செலவு கிட்டத்தட்ட இல்லை.

படி 9: மிஞ்சியதற்குக் காது

இயர் பிளக் தருவது வேலையின் தொடக்கமாக இருக்கக் கூடாது, ஆனால் மற்றது முடியும்வரை அது இல்லாமல் ஒருவரையும் நிறுத்தக் கூடாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். என்ஆர்ஆர் (பிளக் குறைக்கும் சத்தத்தின் அளவு) 29 என்றால் அதிலிருந்து 7 கழித்துப் பாதியாக்குங்கள், 11 டெசிபல்தான் கணக்கில் வைக்கத் தக்கது. ஃபோம் பிளக்கை விரலில் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் தலைக்குப் பின்னாலிருந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். இதை ஒவ்வொருவருக்கும் நேரில் செய்து காட்டுங்கள். காதுக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் ஒன்றும் தடுப்பதில்லை.

வேலைக்குச் சேரும்போது ஒருமுறை, பிறகு வருஷம் ஒருமுறை ஆடியோமெட்ரி (கேட்கும் திறன் சோதனை) எடுங்கள். ரிப்போர்ட்டில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்குகிறதா என்று பாருங்கள். பேச்சு புரியாமல் போவதற்குப் பல வருஷம் முன்பே அந்தப் பள்ளம் தெரிந்துவிடும், ஆளை வேறு இடத்துக்கு மாற்ற நேரம் இருக்கும். சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதால், ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலை ஷிப்ட் ஏறும் முன் வைத்துக்கொள்வதுதான் வசதி.